லிவிட் என்றால் தெளிவு அல்ல

கேள்வி: என் மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். பயிற்சி வகுப்பில் 'இட்' என்று முடியும் ஆங்கிலப் பெயரடைகள் நாற்பதைத் தமிழ்ப் பொருளோடு பாட்டு மாதிரி அடுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். விவிட், லிவிட், ரேப்பிட், ரேபிட், டர்பிட், டர்ஜிட் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறாள். ஆனால் மாதிரித் தேர்வில் பாதிக்கு மேல் தவறு. தாளின் நகலை இணைத்திருக்கிறேன். இதேபோல் வேறு ஓசையில் முடியும் சொற்களையும் நம் இதழில் மாதாமாதம் வெளியிட்டால் பல பிள்ளைகளுக்கு உதவுமே?
– ஒரு வாசகி, தேனி

பதில்: வெளியிட மாட்டேன் அம்மா. காரணம் நீங்கள் அனுப்பிய தாளிலேயே இருக்கிறது. ஏழாவது வரியில் லிவிட் என்ற சொல்லுக்கு நேரே 'தெளிவான' என்று போட்டிருக்கிறார்கள். அது மேல் வரியில் உள்ள விவிட்டின் பொருள். டர்ஜிட்டுக்குக் 'கலங்கிய' என்று இருக்கிறது. கலங்கியது டர்பிட், டர்ஜிட் என்றால் வீங்கியது. டார்ப்பிட்டுக்குக் 'கடும் வெப்பமான' என்கிறார்கள். அது டாரிட். டார்ப்பிட் என்பது மரத்துப்போய், மந்தமாய்க் கிடப்பது. மூன்றும் ஒரே வகைத் தவறு. பாடம் தயாரித்தவரையே ஓசை ஏமாற்றியிருக்கிறது. அப்புறம் உங்கள் மகள் தடுமாறியதில் என்ன வியப்பு? அவளைத் திட்டாதீர்கள்.

ஓசை ஒத்த சொற்களை அடுக்கி வைப்பது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. வீரமாமுனிவரின் சதுரகராதியில் (1732) நான்காவது பகுதிக்குப் பெயரே தொடை. எதுகைக்கு உதவும் சொற்களின் தொகுப்பு அது. ஆனால் அது செய்யுள் எழுதுகிறவருக்கானது. அவருக்குப் பொருள் முன்பே தெரியும், தேடுவது ஓசையைத்தான். உங்கள் மகளுக்கு ஓசை கைவசம் இருக்கிறது, பொருள்தான் வேண்டும். தமிழில் எழுதிப் படிக்கும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. ரேப்பிட் என்றால் வேகமான, ரேபிட் என்றால் வெறிபிடித்த. நம் எழுத்தில் இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு 'ப்'. இப்படிப்பட்ட இரண்டைப் பக்கத்துப் பக்கத்து வரியில் வைத்துப் பாடச் சொல்வது, குழம்பு என்று சொல்லிக் கொடுப்பதற்குச் சமம்.

சரி, இந்தச் சொற்களை எப்படிப் படிப்பது? இவற்றில் பெரும்பாலானவை லத்தீனிலிருந்து வந்தவை. காய்ந்திருப்பது, குளிர்ந்திருப்பது, வீங்கியிருப்பது, வெளுத்திருப்பது என்று ஒரு நிலையைச் சொல்லும் வினைகளிலிருந்து பிறந்த பெயரடைகள் இவற்றில் ஏராளம். அதனால்தான் இந்தக் கூட்டத்தில் கண்ணும் நாக்கும் தோலும் அறியும் சொற்கள் இத்தனை: ஏரிட் வறண்டது, ஹியூமிட் ஈரப்பதமானது, ஃப்ரிஜிட் குளிரில் உறைந்தது, பேலிட் வெளிறியது. முதலில் உடம்புக்குத் தெரியும் பொருளைப் பிடிக்க வேண்டும். மனசு சம்பந்தப்பட்ட பொருள் அதிலிருந்து கிளைத்தது. தமிழும் பல இடங்களில் இதே வழியில்தான் போயிருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் ஒரு பிள்ளையை மனப்பாடம் செய்ய வைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லிவிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட இடத்தில் தோல் நீலமும் கறுப்புமாக மாறுமே, அந்த நிறம்தான் அதன் பழைய பொருள். பிரேதப் பரிசோதனையில் உடலில் ரத்தம் தங்கிய பகுதியின் நிற மாற்றத்தைக் குறிக்க மருத்துவர்கள் இன்றும் இதே சொல்லின் பெயர்ச்சொல் வடிவத்தைத்தான் சொல்கிறார்கள். பிற்பாடு அது கடும் கோபத்தைக் குறிக்கலாயிற்று. நம்மிடம் இதற்குக் கச்சிதமான சொல் ஒன்று உண்டு: கன்றுதல். அடிபட்ட இடம் கன்றிப்போகும். கோபத்தில் முகமும் கன்றிப்போகும். 'லிவிட் – கன்றிய' என்று ஒரு தடவை எழுதிக் கொடுத்திருந்தால் உங்கள் மகள் அதை விவிட்டோடு சேர்த்துக் குழப்பியிருக்கவே மாட்டாள். விவிட்டின் வேர் உயிர் வாழ்வதைக் குறிக்கும் சொல். ஆகவே 'தெளிவான' என்பதைவிட 'உயிரோட்டமான', 'கண்முன் நிற்கிற' என்பதே அதற்குப் பொருந்தும்.

ஹாரிட் என்ற சொல்லுக்குத் தாளில் 'மோசமான' என்று மட்டும் இருக்கிறது. தவறில்லை, ஆனால் உயிர் போய்விட்டது. அதன் லத்தீன் வேருக்கு மயிர் குத்திட்டு நிற்பது என்று பொருள். மயிர்க்கூச்செறிதல் என்று நாம் சொல்வது அதேதான். நமக்கு அது மகிழ்ச்சியிலும் பக்தியிலும்கூட வரும். ஆங்கிலச் சொல் அச்சத்தோடும் அருவருப்போடும் நின்றுவிட்டது. ஸ்டுப்பிட் என்றால் முட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும். வேரைப் பார்த்தால் திகைத்து, வாயடைத்து நிற்பது. லிம்ப்பிட் என்பது தெளிந்த நீர், டர்பிட் கலங்கிய நீர். தெளிந்த நீர், தெளிந்த நடை. கலங்கிய குளம், கலங்கிய மனம் என்று நாம் தினமும் பேசுகிறோம். ஆனால் ஒன்று, கலங்கிய கண்ணுக்கு டர்பிட் போடக் கூடாது.

தமிழோடு ஒத்துப்போகாத இடங்களைத்தான் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். டெப்பிட் என்றால் வெதுவெதுப்பான. நமக்கு வெதுவெதுப்பு நல்லது. குளிக்கும் தண்ணீரும் குழந்தைக்குக் கொடுக்கும் பாலும் அந்தப் பதத்தில்தான் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் வரவேற்பு டெப்பிட்டாக இருந்தது என்றால் அது குறை. ஒப்புக்கு வரவேற்றார்கள், உற்சாகமில்லை என்று அர்த்தம். மாதிரித் தேர்வில் இதற்கு 'அன்பான' என்று விடை எழுதி மதிப்பெண் இழந்திருக்கிறாள் உங்கள் மகள். தமிழ்க் காதால் கேட்டால் அப்படித்தான் தோன்றும். இன்னொன்று ரேன்சிட். 'கெட்டுப்போன' என்று போட்டிருக்கிறார்கள். எல்லாம் கெட்டால் ரேன்சிட் இல்லை. எண்ணெய், வெண்ணெய், வேர்க்கடலை போலக் கொழுப்புள்ளவை நாள்பட்டுக் காறல் வாடை அடிக்குமே, அதற்குத்தான் அந்தச் சொல். திரிந்த பாலுக்கும் புளித்த மாவுக்கும் அது வராது.

அடுக்கித்தான் படிக்க வேண்டும் என்றால், அடுக்க வேறு ஒரு முறை இருக்கிறது. இந்த 'இட்' சொற்களில் பலவற்றுக்கு 'அர்' ஓசையில் முடியும் ஒரு பெயர்ச்சொல் உடன்பிறப்பாக இருக்கிறது. ஹாரிட்டுக்கு ஹாரர். பேலிட்டுக்கு பேலர், அதாவது ரத்தசோகைக்காரர் முகத்தில் மருத்துவர் தேடும் வெளிறல். ஸ்டுப்பிட்டுக்கு ஸ்டூப்பர், அரைமயக்கம். டார்ப்பிட்டுக்கு டார்ப்பர். ஸ்க்வாலிட் என்றால் அழுக்கடைந்த. ஸ்க்வாலர் என்றால் அந்த அழுக்கும் அவலமும். டியூமிட் என்றால் வீங்கிய. அதிலிருந்து டியூமர் எது என்று சொல்லவே வேண்டாம். ரேன்சிட்டின் துணை ரேன்கர்: நெஞ்சில் நாள்பட வைத்துக் காறிப்போன பகை. வன்மம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியாது. கேண்டிட்டுக்கு கேண்டர், ஒளிவுமறைவில்லாத பேச்சு. அதன் வேருக்கு வெண்மை, ஒளிர்தல் என்று பொருள். பழைய ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் சுண்ணப்பொடியால் வெளுப்பாக்கிய மேலங்கியைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார்கள். தேர்தல் வேட்பாளரைக் கேண்டிடேட் என்பது அதனால்தான். இந்த ஜோடிகளில் ஒன்று தெரிந்தால் இன்னொன்றின் பொருள் பாதி கைக்கு வந்துவிடும். ஓசையால் மட்டும் சேர்ந்த சொற்களில் அந்த வசதி இல்லை.

அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டாம். அதிலுள்ள சொற்களை ஒரு நோட்டில், பக்கத்துக்கு ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். ஒரே ஓசைக்காரர்கள் எதிரெதிர்ப் பக்கத்தில் வரக் கூடாது. சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ்ப் பொருளோடு நிறுத்தாமல், அது எந்தப் பெயர்ச்சொல்லோடு வரும் என்பதையும் எழுதட்டும்: ரேன்சிட் என்றால் எண்ணெய், டாரிட் என்றால் பாலைவனம், இன்சிப்பிட் என்றால் உப்பில்லாத குழம்பு. ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும்.

திருத்திய தாளைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மொத்தம் ஒன்பது இடங்களில் சிவப்பு மை இருக்கும். அதன் ஒரு நகலைப் பயிற்சி வகுப்பிலும் கொடுங்கள். அங்கே இன்னும் எத்தனை பிள்ளைகள் லிவிட் என்றால் தெளிவு என்று பாடிக்கொண்டிருக்கிறார்களோ! நோட்டில் பத்துப் பக்கம் நிறைந்ததும், அந்தப் பத்துச் சொற்களையும் வைத்து உங்கள் மகள் சொந்தமாகப் பத்து வாக்கியம் எழுதி எனக்கு அனுப்பட்டும். நானே பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.