டகேடா ஷிங்கென்: சாமுராய் தளபதி பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

16-ஆம் நூற்றாண்டு ஜப்பானின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் காய் மாகாணத்தை (இன்றைய யமனாஷி) ஆண்டவர் டகேடா ஷிங்கென் (1521–1573). அவரைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தளபதி வாளை உருவிக்கொண்டு முதல் ஆளாகப் பாய்வாரா?

பெரும்பாலும் மாட்டார். குலச்சின்னம் பொறித்த திரைச்சீலைகளுக்கு நடுவே, மடக்கு முக்காலியில், கையில் விசிறியோடு உட்கார்ந்திருப்பார். எந்தப் படை எங்கே நிற்கிறது, எது தளர்கிறது என்ற தகவல் அவருக்கு நொடிக்கு நொடி வந்தாக வேண்டும். அதற்கென்றே குதிரைவீரர்கள் இருந்தார்கள். ஷிங்கெனின் தூதர்கள் முதுகில் கட்டிய கொடியில் பூரான் படம் இருக்கும். பூரான் பின்னால் நகராது என்பது அந்தக் கால நம்பிக்கை.

அண்ணா, கவானகாஜிமாவில் விசிறியால் வாளைத் தடுத்தது உண்மையா?

ஷிங்கெனும் எச்சிகோ மாகாணத் தலைவர் உவெசுகி கென்ஷினும் கவானகாஜிமா சமவெளியில் 1553 முதல் 1564 வரை ஐந்து முறை எதிர்கொண்டார்கள். நீங்கள் கேட்பது 1561-இல் நடந்த நான்காவது போர்.

டகேடா தரப்பின் பிற்கால நூல் சொல்லும் கதை இது. கென்ஷின் மலைமேல் முகாமிட்டிருந்தார். இரவோடு இரவாக ஒரு பெரும்படையைப் பின்பக்கமாக அனுப்பி அவரைக் கீழே விரட்டுவது, சமவெளியில் காத்திருந்து மடக்குவது என்று ஷிங்கென் திட்டமிட்டார். ஆனால் டகேடாவின் கோட்டையில் வழக்கத்தைவிட அதிகமாகச் சமையல் புகை எழுவதைக் கென்ஷின் கவனித்துவிட்டார். சத்தமில்லாமல் ஆற்றைக் கடந்து இறங்கினார். விடிந்து பனிமூட்டம் விலகியபோது மொத்த உவெசுகிப் படையும் ஷிங்கெனின் கண்ணெதிரே நின்றது. அப்புறம் கென்ஷினே குதிரையில் பாய்ந்து வந்து வெட்ட, ஷிங்கென் இரும்பு விசிறியால் தடுத்தார் என்று அந்தக் கதை போகிறது.

விசிறிச் சண்டைக்கு உறுதியான சான்று கிடையாது. உறுதியானது இழப்புதான். ஷிங்கெனின் தம்பி நோபுஷிகே அந்தக் களத்தில் இறந்தார். என்னை நெகிழ வைப்பதும் அதுதான். கூடப்பிறந்தவன் விழுந்த சேதி வந்தாலும் தளபதி நிலைகுலையக் கூடாது. அவர் எழுந்து பின்வாங்கினால் படை முழுவதும் கலைந்துவிடும்.

பெற்ற அப்பாவையே துரத்தினாராமே?

ஆமாம். 1541-இல் அப்பா நோபுதோரா, மகளின் கணவரும் சுருகா மாகாணத் தலைவருமான இமாகவா யோஷிமோதோவைப் பார்க்கப் போனார். போனவர் திரும்பி வர முடியாதபடி எல்லையை அடைத்துவிட்டார் மகன். பின்னாளில் மூத்த மகன் யோஷிநோபுவையும் சிறை வைத்தார், 1567-இல் அவரும் இறந்தார். எத்தனை திறமைசாலியானாலும் இந்த இடத்தில் ஷிங்கெனுக்காக என்னால் வாதாட முடியாது.

போரில் என்ன சாப்பிட்டார்கள்?

வேகவைத்துக் காயவைத்த சோறுதான் முக்கியம். எனக்குப் பிடித்தது சேம்புத் தண்டுக் கயிறு. தண்டைத் திரித்து, மிசோ என்ற புளித்த சோயா விழுதில் வேகவைத்து உலர்த்துவார்கள். வழியில் மூட்டை கட்ட உதவும், பசித்தால் ஒரு துண்டு நறுக்கி வெந்நீரில் போட்டால் சூப்.

பெரிய பெரிய குதிரைகளா?

இல்லை. தோள் உயரம் சுமார் 4 அடிதான்.

போர் இல்லாத நாட்களில் என்ன வேலை?

நிறைய. 1547-இல் மாகாணத்துக்குச் சட்டத்தொகுப்பு கொண்டுவந்தார். தானே விதியை மீறினாலும் குடிமக்கள் முறையிடலாம் என்று அதில் இருந்தது. ஒரு போர்த்தலைவன் அப்படி எழுதியது சாதாரண விஷயமில்லை. காமனாஷி ஆற்றின் வெள்ளத்தைத் தடுக்கக் கரை கட்டினார், அது இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. வயல் விளைந்தால்தான் படைக்குச் சோறு. செலவுக்குக் கை கொடுத்தவை காயின் தங்கச் சுரங்கங்கள்.

எப்படி இறந்தார் சார்?

1572-இல் மேற்கே படையெடுத்தார். மிகதாகஹாராவில், பின்னாளில் ஜப்பானையே ஆண்ட டொகுகாவா இயேயசுவை முறியடித்தார். அந்தப் படையெடுப்பின் நடுவிலேயே நோய் முற்ற, 1573-இல் ஊர் திரும்பும் வழியில் ஷினானோ மாகாணத்தில் உயிர் பிரிந்தது. மரணத்தை மூன்று ஆண்டு மறைத்து வைக்கச் சொன்னதாகக் கூறுவார்கள். மகன் கட்சுயோரி 1575-இல் நாகஷினோவில் அந்நாளின் பெரும் போர்த்தலைவர் ஒடா நோபுனாகா, இயேயசு கூட்டுப்படையிடம் தோற்றார், 1582-இல் குலமே அழிந்தது.

இப்போது போனால் எதைப் பார்க்கலாம்?

கோஃபு நகரில் அவர் மாளிகை இருந்த இடத்தில் டகேடா கோயில் இருக்கிறது, பழைய அகழிகளையும் காணலாம். நேரமிருந்தால் நாகானோவுக்கும் போங்கள். கவானகாஜிமா களத்தில் இப்போது பூங்கா இருக்கிறது, இருவரும் மோதும் சிலையும் அங்கே உண்டு.