செக்‌ஷன் 8 வவுச்சரோட வேற மாநிலம் போறீங்களா? முதல்ல பழைய ஆபீஸ் தேதியை நீட்டிக்கோங்க

நியூ ஜெர்சில இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. நாலு வருஷமா செக்‌ஷன் 8 வவுச்சர்ல (வாடகையில ஒரு பங்கை அரசாங்கம் கட்டற உதவி) இருக்காங்க, ரெண்டு பசங்க, சின்னவனுக்கு ஆட்டிசம். வட கரோலினால சார்லட் பக்கம் அவங்க அக்கா இருக்கறதால அங்கேயே போயிடலாம்னு போர்ட் பண்ண, அதாவது வவுச்சரை அந்த ஊருக்கு மாத்திக்க கேட்டிருக்காங்க, நியூ ஜெர்சி ஹவுசிங் அதாரிட்டி (வவுச்சரை நடத்தற ஆபீஸ்) ஓகே சொல்லி மார்ச் 1ஆம் தேதி வீடு தேட 60 நாள் வவுச்சர் கொடுத்துட்டாங்க, அது ஏப்ரல் 30ல முடியுது. ஆனா இங்க இருக்கற ஆபீஸ் பேப்பர் அனுப்பவே மூணு வாரம் இழுத்துட்டாங்க, அங்க இருக்கற ஆபீஸ் ஏப்ரல் 14க்குத்தான் அப்பாயின்ட்மென்ட் கொடுத்திருக்கு. "மிச்சம் இருக்கறது 16 நாள். அதுக்குள்ள வீடு கெடைக்கலன்னா வவுச்சர் கையை விட்டுப் போயிடுமா? அங்க போய் டைம் கேட்டா தருவாங்களா?" இதுதான் கேள்வி.

சகோதரி, முதல்ல ஒரு நிம்மதியான விஷயம் சொல்லிடறேன். உங்களுக்கு இருக்கறது 16 நாள் மட்டும் இல்ல. நீங்க போற ஊர் ஹவுசிங் அதாரிட்டி உங்களுக்குன்னு தனியா ஒரு வவுச்சர் கொடுப்பாங்க, அது உங்க பழைய வவுச்சர் முடியற தேதியில இருந்து 30 நாள் கழிச்சுத்தான் முடியலாம், அதுக்கு முன்னாடி முடியற மாதிரி அவங்க கொடுக்கவே கூடாது. உங்க கணக்குல ஏப்ரல் 30 கூட 30 நாள், மே 30. இது அந்த ஆபீஸ் மனசு வச்சுத் தர்ற சலுகை கிடையாது, ஹட் (அமெரிக்க மத்திய அரசோட வீட்டுவசதித் துறை) போட்ட ரூல், 2015 செப்டம்பர்ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுக்கு முன்னாடி பழைய வவுச்சர் முடியற தேதி வரைக்கும் கொடுத்தாலே போதும்னு இருந்துச்சு, பேப்பர் போய்ச் சேரவே பாதி நாள் போயிடுதுன்னு பல குடும்பங்கள் தவிச்சதுக்கப்புறம்தான் இந்த 30 நாளைச் சேர்த்தாங்க. சில கேஸ்வொர்க்கருங்க இதை "நாங்க கொடுக்கற நாள்ல இருந்து 30 நாள்"னு சொல்லிடுவாங்க, அப்படி எண்ணினா உங்களுக்கு மே 14லயே முடிஞ்சுடும். அது தப்பு. பழைய வவுச்சர் முடியற தேதியில இருந்துதான் எண்ணணும், அந்த வவுச்சரோட காப்பிய அப்பாயின்ட்மென்ட்டுக்குக் கையில எடுத்துட்டுப் போங்க.

இப்ப ரொம்ப முக்கியமான எடத்துக்கு வரேன், நிறையப் பேர் மாட்டிக்கறது இங்கதான். புது ஆபீஸ் கொடுக்கற இந்தக் கூடுதல் நாள், அப்புறம் அவங்களா பாத்து நீட்டிக் கொடுக்கற நாள், எல்லாமே அவங்க எல்லைக்குள்ள வீடு தேடறதுக்கு மட்டும்தான் செல்லும். மே 20ஆம் தேதி வரைக்கும் அங்க தேடிப் பாத்துட்டு ஒண்ணும் அமையல, பக்கத்து கவுன்ட்டில தேடலாம் இல்லன்னா திரும்ப நியூ ஜெர்சிக்கே வந்துடலாம்னு முடிவு பண்றீங்கன்னு வைங்க, அந்த ஆபீஸ் உங்களைப் பழைய ஆபீஸுக்கே திருப்பி அனுப்பிடுவாங்க, அங்க பாத்தா ஏப்ரல் 30லயே வவுச்சர் முடிஞ்சு போயிருக்கும். இப்ப இருக்கற வீட்டையும் விட்டிருந்தீங்கன்னா, நாலு வருஷமா கையில இருந்த உதவி அந்த ஒரு தேதியால போயிடும். அதனால நான் யார் கேட்டாலும் முதல்ல சொல்றது, புது ஆபீஸ்கிட்ட டைம் கேக்கறதுக்கு முன்னாடி பழைய ஆபீஸ்கிட்ட கேளுங்க. எல்லாக் கணக்கும் பழைய வவுச்சர் தேதியில இருந்துதான் ஓடுது. அவங்க அதை மே 30க்கு நீட்டினாங்கன்னா, அங்க கிடைக்கற வவுச்சரும் தானா ஜூன் 29 வரைக்கும் போகணும்.

ஏன் புது ஆபீஸ் ஒரு கட்டத்துக்கு மேல டைம் தர யோசிக்கறாங்கன்னும் தெரிஞ்சுக்கோங்க, தெரிஞ்சா பேசறது சுலபம். பழைய ஆபீஸ் அனுப்பற பேப்பர்ல 52665னு நம்பர் போட்ட ஒரு ஹட் ஃபார்ம் இருக்கும். அதோட முதல் பாகத்துல ரெண்டு தேதி இருக்கும், ஒண்ணு உங்க வவுச்சர் முடியற தேதி, இன்னொண்ணு முதல் பில் வந்து சேர வேண்டிய கடைசித் தேதி. அந்த ரெண்டாவது தேதி முதல் தேதியில இருந்து 90 நாள், உங்களுக்கு ஜூலை 29. புது ஆபீஸ்ல உங்க வாடகை உதவிய அவங்க சொந்தக் காசுல ஏத்துக்கலாம், இதைத்தான் அப்சார்ப்னு சொல்றாங்க, இல்லன்னா பழைய ஆபீஸுக்கு மாசாமாசம் பில் அனுப்பி வாங்கிக்கலாம். பில் அனுப்பறவங்களா இருந்தா நீங்க வீடு பாத்து, இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சு, கான்ட்ராக்ட் போட்டு, அந்த பில் ஜூலை 29க்குள்ள நியூ ஜெர்சி வந்து சேந்திருக்கணும், லேட்டா வந்தா பழைய ஆபீஸ் முடியாதுன்னு சொல்லலாம், அப்ப அந்தச் செலவு புது ஆபீஸ் தலையில விழும். அந்த பயத்துலதான் கை இழுக்கறாங்க. பழைய ஆபீஸ் உங்க தேதியை நீட்டினா இந்த பில் தேதியும் நீளும், அதனால நீட்டிட்டாங்கன்னா திருத்தின 52665ஐ புது ஆபீஸுக்கு உடனே அனுப்பச் சொல்லுங்க, உங்களுக்கும் ஒரு காப்பி கேளுங்க. அவங்க அப்சார்ப் பண்றாங்களா பில் பண்றாங்களான்னு பழைய ஆபீஸ் முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சு வச்சிருக்கணும், அதையும் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க.

சரி, எக்ஸ்டென்ஷன் எப்படிக் கேக்கறது? போன்ல கேக்காதீங்க, கேட்டாலும் அதே நாள் ஈமெயில் போட்டுடுங்க. அதுல வவுச்சர் தேதி, நீங்க பேப்பர் கொடுத்த தேதி, அவங்க அனுப்பின தேதி, அங்க கிடைச்ச அப்பாயின்ட்மென்ட் தேதி எல்லாத்தையும் வரிசையா எழுதி, எத்தனை நாள் வேணும்னு நேரடியாக் கேளுங்க. வவுச்சர் முடியறதுக்கு முன்னாடியே அவங்க கைக்குப் போயிடணும், முடிஞ்சப்புறம் கேட்டா பெரும்பாலும் கதவு மூடிடும். ஒவ்வொரு ஹவுசிங் அதாரிட்டிக்கும் அட்மினிஸ்ட்ரேட்டிவ் பிளான்னு ஒண்ணு இருக்கு, எவ்வளவு நீட்டலாம், என்ன காரணத்துக்கு நீட்டலாம்னு அதுல எழுதியிருக்கும், யார் வேணாலும் பாக்கலாம், அதுல இருக்கற வார்த்தையையே உங்க மெயில்ல போட்டீங்கன்னா இன்னும் நல்லது.

ஆனா சும்மா "வீடு கெடைக்கல"ன்னு கேக்கறதுக்கும், உங்க பையனுக்காகக் கேக்கறதுக்கும் சட்டத்துல பெரிய வித்தியாசம் இருக்கு. சாதாரண எக்ஸ்டென்ஷன் அவங்க இஷ்டம், முடியாதுன்னு சொன்னா அதுக்கு ஹியரிங் கேக்கற உரிமைகூட உங்களுக்குக் கிடையாது. குடும்பத்துல ஒருத்தருக்கு டிசெபிலிட்டி இருந்து, அதனால வீடு தேட அதிக நாள் தேவைப்படுதுன்னா, ரீசனபிள் அக்காமடேஷன்னு (டிசெபிலிட்டிக்காக ரூலைத் தளர்த்திக் கொடுக்கறது) கேக்கணும், அப்ப நியாயமா எவ்வளவு தேவையோ அவ்வளவு நீட்டித்தான் ஆகணும். உங்க பையனுக்கு அமைதியான வீடு வேணும், தெரபி எடத்துக்கும் சரியான ஸ்கூலுக்கும் பக்கமா இருக்கணும், எல்லா அபார்ட்மென்ட்டும் சரிப்படாது, இதெல்லாம் நெஜமான காரணம்தானே. டாக்டரோ தெரபிஸ்டோ ஒரு சின்ன லெட்டர் கொடுத்தாப் போதும், மருத்துவ ஃபைல் முழுக்கக் கொட்ட வேண்டிய அவசியம் இல்ல, அவனோட தேவைக்கும் இந்த டைமுக்கும் என்ன சம்பந்தம்னு தெரிஞ்சா சரி. இதைப் பழைய ஆபீஸ், புது ஆபீஸ் ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியாக் கேளுங்க. இதுக்கும் மறுத்தாங்கன்னா ஒரு வருஷத்துக்குள்ள ஹட்கிட்ட ஃபேர் ஹவுசிங் புகார் கொடுக்கலாம், அதுக்கு முன்னாடி உங்க ஊர் லீகல் எய்டுக்கு ஒரு போன் போடுங்க, வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு ஃப்ரீயாவே பாக்கறாங்க, வக்கீல்கிட்ட இருந்து ஒரு லெட்டர் போனாலே பல எடத்துல பதில் மாறுது.

அப்புறம் கடிகாரம் நிக்கற ஒரு எடம் இருக்கு. வீடு பாத்து, லேண்ட்லார்ட் ஒத்துக்கிட்டு, டெனன்ஸி அப்ரூவலுக்கான ரிக்வெஸ்ட் ஃபார்மை ஆபீஸ்ல கொடுத்த நாள்ல இருந்து அவங்க எழுத்துல சரின்னோ இல்லன்னோ சொல்ற வரைக்கும் உங்க வவுச்சர் நாள் ஓடக் கூடாது. மே 18ல கொடுக்கறீங்க, மே 30க்கு 12 நாள் மிச்சம், ஜூன் 5ல "இந்த வீடு பாஸ் ஆகல"ன்னு லெட்டர் வருதுன்னா அந்த 12 நாளும் உங்களுக்கு அப்படியே இருக்கு, ஜூன் 17 வரைக்கும் தேடலாம். ஃபார்ம் கொடுத்த தேதிக்கு ஸ்டாம்ப் போட்ட காப்பியோ, அனுப்பின மெயிலோ இல்லாம இதை நிரூபிக்க முடியாது, அதனால டிராப் பாக்ஸ்ல போட்டுட்டு வந்துடாதீங்க.

ஏப்ரல் 14 அப்பாயின்ட்மென்ட்டையும் அதுக்கு முன்னாடி ஒரு தேதிக்கு மாத்தப் பாருங்க. பேப்பர் எல்லாம் சரியாப் போய்ச் சேந்துட்டா ரெண்டு வாரத்துக்குள்ள வவுச்சர் கொடுக்கணும்னுதான் ஹட் எதிர்பாக்குது. வருமானத்தைத் திரும்பச் சரிபாக்கறேன்னு சொல்லி வவுச்சரை நிறுத்தி வைக்கக் கூடாது, நீங்க ஏற்கெனவே திட்டத்துல இருக்கறவங்க, அந்த ஊர் வருமான வரம்புக்குள்ள வரீங்களான்னு மறுபடி பாக்கவே மாட்டாங்க. (இப்பத்தான் முதல் முதலா வவுச்சர் கிடைச்சு இன்னும் ஒரு வீட்டுலகூட அதைப் பயன்படுத்தாதவங்களுக்கு இது பொருந்தாது, அவங்க போற ஊரோட வருமான வரம்புக்குள்ள இருந்தாகணும், அப்ளை பண்ணப்போ அந்த ஆபீஸ் எல்லைக்குள்ள குடியிருக்கலன்னா முதல் 12 மாசம் போர்ட் பண்ற உரிமையும் இருக்காது.) அவங்க தங்களோட ரூல்படி பின்னணி செக் பண்ணலாம், பெட்ரூம் கணக்கும் அவங்க கணக்குத்தான், இங்க மூணு பெட்ரூம் வவுச்சர்னா அங்க ரெண்டுன்னு சொல்லலாம், வாடகை எவ்வளவு வரைக்கும் உதவின்னு சொல்ற பேமென்ட் ஸ்டாண்டர்டும் அவங்களோடதுதான். அது தெரியாம வீடு பாக்க ஆரம்பிச்சா நாள் வீணாகும், இன்னைக்கே போன் பண்ணி ரெண்டு பெட்ரூம், மூணு பெட்ரூம் ரெண்டுக்கும் தொகை கேட்டு வச்சுக்கோங்க. வாடகை அந்தத் தொகைக்கு மேல இருந்தா, குடிபோகும்போது உங்க பங்கு கணக்குப் போட்ட வருமானத்துல 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினா வீடு எவ்வளவு பிடிச்சிருந்தாலும் அப்ரூவ் ஆகாது.

வட கரோலினால தேட ஏன் கூட நாள் வேணும்னு சொல்றேன்னா, நியூ ஜெர்சில வவுச்சர் இருக்குங்கறதுக்காக ஒரு லேண்ட்லார்ட் உங்களை மறுக்க முடியாது, மாநிலச் சட்டமே தடுக்குது. அங்க மாநில அளவுல அப்படி ஒரு சட்டம் இல்ல, "வவுச்சர் எடுக்கறதில்ல"ன்னு முகத்துக்கு நேரா சொல்லிடுவாங்க, கேட்டுப் பழகாதவங்களுக்கு அது ரொம்ப வலிக்கும். அதனால அப்ளிகேஷன் ஃபீ கட்டறதுக்கு முன்னாடியே வவுச்சர் எடுப்பீங்களான்னு கேட்டுடுங்க, அந்த ஊர் ஆபீஸ்ல வவுச்சர் எடுக்கற லேண்ட்லார்ட் லிஸ்ட் வாங்குங்க, உங்க அக்காவை விட்டு இப்பவே நேர்ல போய்ப் பாக்கச் சொல்லுங்க. சார்லட்டைச் சுத்தி ஒண்ணுக்கு மேல ஹவுசிங் அதாரிட்டி இருக்கு, எதுக்குப் போறதுன்னு தேர்ந்தெடுக்கறது உங்க உரிமை, உங்க கேஸ்வொர்க்கர் ஒரே ஒரு பேர் மட்டும் சொல்லியிருந்தாலும் மத்ததையும் கேளுங்க. டெபாசிட்டை வவுச்சர் கட்டாது, அதுக்குத் தனியா காசு எடுத்து வைக்கணும்.

இதைப் படிக்கற மத்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை. முன்னாள் ராணுவத்தினருக்கான வாஷ் வவுச்சருக்கு ஆரம்பத்துலேயே குறைஞ்சது 120 நாள் தரணும், யாராவது 60ன்னு சொன்னா திருப்பிக் கேளுங்க. வீட்டுக்குள்ள அடி, மிரட்டலுக்குத் தப்பிச்சு ஊர் மாறுறவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாறலாம்ங்கற மாதிரியான ஆபீஸ் கட்டுப்பாடுகளைக் காட்டித் தடுக்கக் கூடாது, இதைச் சொல்ல வெக்கப்படாதீங்க, அவங்க அதை ரகசியமா வச்சிருக்கணும்.

கடைசியா சகோதரி, நீங்க எழுதாம விட்ட ஒண்ணை நான் கேக்கறேன். இப்ப இருக்கற வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்துட்டீங்களா? இன்னும் கொடுக்கலன்னா, அங்க ஒரு லேண்ட்லார்ட் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டு இன்ஸ்பெக்‌ஷன் தேதி கிடைக்கற வரைக்கும் கொடுக்காதீங்க, உங்க லீஸ்ல எத்தனை நாள் நோட்டீஸ்னு மட்டும் எடுத்துப் பாத்து வைங்க. கொடுத்தாச்சுன்னா, இந்த வாரமே லேண்ட்லார்ட்கிட்ட பேசி அதை வாபஸ் வாங்கவோ ரெண்டு மாசம் தள்ளிப் போடவோ முடியுமான்னு கேளுங்க, சம்மதிச்சா எழுத்துல வாங்கி அதே நாள் பழைய ஆபீஸுக்கு அனுப்புங்க. அங்க அமையாமப் போனாலும், இந்த வீடும் இதோட உதவியும் அப்படியே தொடர அந்த ஒரு தாள்தான் உங்களுக்கு வழி வச்சிருக்கும்.