வெள்ளம் புகுந்தால் ஏரியில் உள்ள விலங்கு மிதவையுயிரிகள் (தண்ணீரில் மிதந்து வாழும் சின்னஞ்சிறு விலங்குகள்) எல்லாம் அடித்துப் போய்விடுமா?

நீங்கள் முதுகலை புராஜெக்ட்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஜூலையில் எடுத்த தண்ணீர் மாதிரியில் ஒன்றுமே இல்லையே என்று கையைப் பிசைந்துகொண்டிருப்பீர்கள். நானும் அப்படி நின்றவன்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

அசாமில் பிரம்மபுத்திரா ஓரம் ஒரு பீலில் மூன்று வருடம் மாதிரி எடுத்தேன். ஆறு தடம் மாறியபோது விட்டுப்போன வளைவிலும் பள்ளத்திலும் தேங்கிய ஏரியைத்தான் அங்கே பீல் என்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆற்றுத் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். எது ஏரி, எது வயல் என்றே தெரியாது.

முதல் ஜூலையில் 50 லிட்டர் மொண்டு வலையில் வடிகட்டினேன். மார்ச்சில் இதே அளவுத் தண்ணீரில், குப்பியை வெளிச்சத்தில் பிடித்தாலே நீர்த்தெள்ளுகள் என்ற குட்டி ஓட்டுயிர்கள் துள்ளுவது தெரியும். இப்போது வந்தது வண்டல். மைக்ரோஸ்கோப்பில் கட்டம் கட்டமாக நகர்த்தினால் மணல், மணல், எப்போதாவது ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கு ஒன்று. வலை கிழிந்துவிட்டதோ என்றுகூடத் தடவிப் பார்த்தேன்.

படகு தள்ளிய பெரியவர் அங்கேயே மீன் பிடிப்பவர். நடுத்தண்ணீரில் என்ன கிடைக்கும், செடிப் பக்கம் போகலாம் என்றார். ஆகாயத்தாமரை வேரை வாளியில் அலசி அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். தட்டையான ஓடும் பின்னால் முள் மாதிரி விரலுமாக லெக்கேன் என்ற ரோட்டிஃபர் வகையின் இனங்கள். அதில் பாதி நான் அதுவரை பார்க்காதவை.

ஆக, வெள்ளத்தில் குறைவது லிட்டருக்கு எத்தனை என்ற கணக்கு. தண்ணீர் பெருகி எல்லாம் நீர்த்துப்போகிறது, ஓட்டம் இழுத்துப் போகிறது, கலங்கல் அவற்றின் உணவான பாசிக்கு வெளிச்சம் விடாமல் மறைக்கிறது. ஆனால் ஆறும் பக்கத்து பீல்களும் ஒன்றாகிவிடுவதால் புது இனங்கள் வந்து சேர்கின்றன, மூழ்கிய புல்லும் செடியும் அவற்றுக்கு இடம் கொடுக்கின்றன. தண்ணீர் வடிந்ததும் ரோட்டிஃபர்கள் முந்திக்கொள்ளும். சில நாளிலேயே அடுத்த தலைமுறை வந்துவிடும். அப்புறம் நீர்த்தெள்ளு. பல முறை தோலுரித்து வளர வேண்டிய கோப்பிபாடுகள் என்ற இன்னொரு வகைக் குட்டி ஓட்டுயிர்கள் மெதுவாகத்தான் பெருகும். வெள்ளத்தில் ஒரே மாதிரி இருந்த பீல்கள், தொடர்பு அறுந்தபின் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பிரிந்துபோகும்.

இன்னொரு கையிருப்பு சேற்றில் இருக்கிறது. காய்ந்த கரையிலிருந்து ஒரு கை மண் எடுத்துவந்து கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஒரு வாரத்துக்குள் உள்ளே அசைவு. டாப்னியா என்ற நீர்த்தெள்ளு தன் உறங்கும் முட்டைகளைச் சேணம் போன்ற கறுப்பு உறைக்குள் வைத்து விட்டுப்போகும். வறட்சியைத் தாண்டி அது காத்திருக்கும்.

எல்லா ஆற்றுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஏறி இறங்கும் வெள்ளம்தான் ஆற்றோரச் சமவெளி உயிர்களை நடத்துகிறது என்று யுங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1989-லேயே எழுதிவிட்டார்கள். 1954-க்குப் பிறகு பிரம்மபுத்திராவில் எழுந்த வெள்ளத் தடுப்புக் கரைகள் பல பீல்களை ஆற்றிலிருந்து துண்டித்துவிட்டன. கரையே வேண்டாம் என்று நான் வாதிடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீடு மூழ்கிப் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். மதகு வைத்து, வெள்ள நாளில் ஆறும் பீலும் பேசிக்கொள்ள வழி விடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: ஒரு கல்லூரி நேர்முகத் தேர்வில், இந்தப் பூச்சியை எண்ணி யாருக்கு என்ன லாபம் என்று கேட்டார்கள். கட்லா மீன் அதைத் தின்றுதான் வளர்கிறது என்றேன். வாக்கியத்தை முடிக்க விடாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். எட்டு வருடமாகியும் அது ஆறவில்லை.

சரி, உங்கள் ஜூலை மாதிரியைக் கொட்டிவிடாதீர்கள். அடுத்த முறை வலையோடு ஒரு வாளியும் எடுத்துப் போங்கள், வேரை அலச.