“நீ ஏன் உட்கார்ந்தே?”

கேள்வி: எனக்கு 29 வயது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். அப்பா இல்லை. தங்கைக்கு 23 வயது. சென்னை தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். கடை ஹாஸ்டலில்தான் தங்கியிருக்கிறாள். போன மாதம் கடைக்கு வந்த ஒருவர் அவளுக்குத் தெரியாமல் வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார். கவுன்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். ‘கஸ்டமர் நிற்கிறோம், மகாராணி ரெஸ்ட் எடுக்கிறாங்க’ என்று மேலே எழுதியிருந்தது. கீழே அவள் உடம்பைப் பற்றியெல்லாம் அசிங்கமாக எழுதியிருக்கிறார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பிலும் அது வந்துவிட்டது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறார். அன்று ராத்திரி அழுதுகொண்டே போன் செய்தாள். ‘நீ ஏன் உட்கார்ந்தே?’ என்று கேட்டேன். அதற்கப்புறம் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. தை மாதம் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று இருந்தோம். வேலையை விடச் சொல்லி ஊருக்கு அழைத்து வந்துவிடட்டுமா? இல்லை, அந்த ஆள்மேல் கேஸ் போட முடியுமா?

பதில்: தம்பி, கேஸைப் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் ஒரே இடத்தில்தான் நின்றேன். ‘நீ ஏன் உட்கார்ந்தே?’ என்று கேட்டதாக எழுதிவிட்டு, இரண்டு வரி தாண்டி மாப்பிள்ளைக்குப் போய்விட்டீர்கள்.

வீடியோ எடுத்தவன் கேட்டதும் அந்தக் கேள்விதான். சூப்பர்வைசர் கேட்டதும் அதுதான். முகம் தெரியாத நூறு பேர் கீழே எழுதியதும் அதுதான். அத்தனையையும் வாங்கிக்கொண்டு, கடை சாத்தியபிறகு ஒருவரிடமாவது அழலாம் என்று உங்களுக்குப் போன் செய்தாள். வீட்டிலிருந்தும் அதே கேள்வி வந்தது. அவள் பேசாமல் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இனி எதுவும் நடந்தாலும் யாரிடம் சொல்வாள்?

ஏன் உட்கார்ந்தாள் என்று நான் சொல்கிறேன். கால் வலித்தது, அதனால் உட்கார்ந்தாள். சேலை விற்கிற தளத்தில் ஒரு மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு நாற்பது சேலை எடுத்துப் போட வேண்டும். ஸ்டூலில் ஏறி மேல் தட்டிலிருந்து இறக்கி, விரித்து, தோளில் மடித்துப் போட்டுக் காட்டி, ‘இதுலயே வேற கலர்’ என்று கேட்டால் திரும்ப ஏற வேண்டும். அவர்கள் ஒன்றும் எடுக்காமல் எழுந்து போனபிறகு நாற்பதையும் பழைய மடிப்பு மாறாமல் மடித்து அடுக்க வேண்டும். இது காலையில் தொடங்கி ராத்திரி வரை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் கேட்கவே வேண்டாம். மார்பிள் தரையில் பத்து மணி நேரம் நின்ற ஒரு பெண்ணின் கணுக்காலை நான் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். கால் வீங்கி, கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது. கழற்றியபோது அந்த இடத்தில் கொலுசின் சங்கிலி அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. உங்கள் தங்கையின் காலை எப்போதாவது பார்த்தீர்களா?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உட்காருவது அவளுடைய உரிமை. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் பல வருடம் போராடினார்கள். அங்கே 2018-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2021-இல் தமிழ்நாட்டிலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு கடையிலும் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. உங்கள் தங்கைக்கு அந்த இருக்கை கிடைத்திருந்தால் தரையில் ஏன் உட்காருகிறாள்? அந்த வீடியோவில் தப்புச் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் போனைப் பிடித்தவன். இன்னொருவர் நாற்காலி போடாத முதலாளி. இரண்டு பேரையும் விட்டுவிட்டு நீங்கள் அவளைக் கேட்டீர்கள்.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. சில வருடம் முன்னால் ஒரு தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போயிருந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒருவர், சேலையைத் தோளில் போட்டுக் காட்டிய பெண்ணுக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் முகத்தை மட்டும் இடது பக்கம் திருப்பிக்கொண்டாள். கை கொசுவம் பிடிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவளுக்குத்தான் திட்டு விழும். ‘போனை இறக்குங்க’ என்றேன். ‘சேலையைத்தானே எடுக்கிறேன்’ என்றார். வெளிநாட்டில் இருக்கிற மகளுக்கு வீடியோ கால் போட்டுச் சேலையைக் காட்டுவது இப்போது எல்லாக் கடையிலும் நடக்கிறது. காட்டட்டும், ஆனால் ‘எடுக்கலாமாம்மா?’ என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சம்பளம் அவள் வேலைக்குத்தான், முகத்துக்கு இல்லை. டிசைனைக் காப்பியடித்துவிடுவார்கள் என்று ‘போட்டோ எடுக்கக் கூடாது’ போர்டு மாட்டுகிற கடைகள் இருக்கின்றன. அதே போர்டை அங்கே நிற்கிற பெண்ணுக்காக ஏன் மாட்டக் கூடாது?

சரி, கேஸுக்கு வருகிறேன். முதலில் வீடியோவின் லிங்க், போட்ட கணக்கின் பெயர், தேதி, கீழே எழுதியவை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவன் அழித்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. எடுத்தபிறகு, இன்ஸ்டாகிராமிலேயே புகார் செய்து நீக்கச் சொல்லுங்கள். உடம்பைப் பற்றி எழுதியதுதான் இதில் சட்டப்படி கனமான விஷயம். பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு பேசுவது, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-வது பிரிவின்படி குற்றம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் தரலாம், போலீஸ் சைபர் கிரைம் பிரிவுக்கு நேராகவும் போகலாம்.

கடை நிர்வாகத்தை விட்டுவிடாதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் வருடச் சட்டத்தின் 19-வது பிரிவு, வேலை செய்யும் இடத்துக்கு வந்துபோகிறவர்களிடமிருந்தும் பெண்ணுக்குப் பாதுகாப்புத் தருவது முதலாளியின் கடமை என்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதற்குப் புகார் எழுத மூன்று மாதம்தான் கெடு. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மாதம் போய்விட்டது. புகாரை அவள்தான் எழுத வேண்டும், எழுதலாமா என்று முடிவு செய்வதும் அவள்தான். உங்கள் வேலை பக்கத்தில் நிற்பது. குரூப்பில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, ‘என் தங்கச்சி வீடியோவை அழிங்க’ என்று சொல்ல வேண்டியது மட்டும் முழுக்க உங்கள் பொறுப்பு. இத்தனை நாளில் அதைச் செய்ததாக நீங்கள் எழுதவில்லை.

வேலையை விடச் சொல்லாதீர்கள். அவளாக விட நினைத்தால் அது வேறு. நீங்கள் இழுத்து வந்தால், தப்புச் செய்தவள் என்று நீங்களே ஊருக்குச் சொன்னதாகிவிடும். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிடுவார்களே என்று பயப்படுகிறீர்கள் போல. பார்க்கட்டும். வலித்த காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பெண்ணைப் பார்த்து முகம் சுளிக்கிற வீட்டுக்கு அவளை அனுப்பாதீர்கள். அங்கே காய்ச்சலில் படுத்தாலும் ‘ஏன் படுத்தே?’ என்றுதான் கேட்பார்கள். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் அப்பா. சீர் செய்வதோடு அந்தக் கடமை முடிவதில்லை. ஊரே ஒரு பக்கம் நின்றாலும் அவள் பக்கம் ஒரு ஆள் நிற்க வேண்டும், அந்த ஆள் நீங்கள்தான்.

இன்றைக்கே கூப்பிடுங்கள். கடை சாத்தி, ஹாஸ்டல் போய் அவள் சாப்பிட்டு முடித்தபிறகு கூப்பிடுங்கள். அன்று கேட்டது தப்பு என்று சொல்லுங்கள். ‘ஆனால்’ என்று எதையும் பின்னால் சேர்க்காதீர்கள். அவள் வரச் சொன்னால், முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். போகும்போது காலுக்கு நல்ல மெத்தென்ற செருப்பு ஒன்று வாங்கிப் போங்கள். அளவு தெரியாவிட்டால் அம்மாவிடம் கேளுங்கள்.