‘ரியாக்ட் செத்துவிட்டது’ என்று மகன் சொல்லும்போது

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகன் நள்ளிரவு வரை இயர்போனை மாட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்காஸ்ட்டுகளைக் கேட்கிறார் என்றும், மாதத்துக்கு ஒரு கருவியைக் கற்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறார் என்றும், இப்போது ‘ரியாக்ட் செத்துவிட்டது, இனி வெப் டெவலப்மென்ட் படித்துப் பயனில்லை’ என்று சொல்லி ஏ.ஐ. வகுப்பு ஒன்றுக்குப் பணம் கேட்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். ஆலோசகராவதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் வலைத்தளம் கட்டும் வேலையில் இருந்தவன் நான். ஆகவே அந்த அனுபவத்தை வைத்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் ரியாக்ட். ஃபேஸ்புக் நிறுவனம் 2013-இல் எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்ட, வலைத்தளங்களின் திரைகளை அமைப்பதற்கான அந்த நிரல் நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) சாகவில்லை. 2025 பிப்ரவரியில் ஓய்வு கொடுக்கப்பட்டது ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ என்னும் துணைக்கருவிக்குத்தான். புதிய புராஜெக்ட் தொடங்கும்போது தேவைப்படும் அடிப்படைக் கோப்புகளை அமைத்துத் தருவதே அதன் வேலை. அதற்குப் பதிலாக ‘வீட்’ போன்ற புதிய கருவிகளையோ தளம் முழுவதற்கும் ஆயத்தக் கட்டமைப்பைத் தரும் ஃபிரேம்வொர்க்குகளையோ எடுத்துக்கொள்ளும்படி ரியாக்ட் குழுவினரே அறிவித்தார்கள். கேஸ் லைட்டர் பழுதாகிவிட்டது என்று யாரும் அடுப்பைத் தூக்கி எறிவதில்லை. தங்கள் மகன் பாதிச் செய்தியை மட்டும் கேட்டுவிட்டுக் கலங்கியிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

இதற்காக அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். எனக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது. நாங்கள் கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் என்னும் ஃபிரேம்வொர்க்கை வைத்துப் பெரிய தளம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 2016-இல் வெளிவந்த அடுத்த பதிப்பு, பழைய நிரலோடு ஒட்டாதபடி அடியோடு மாற்றி எழுதப்பட்டிருந்தது. குழுவில், அதற்கு அடிப்படையான ஜாவாஸ்கிரிப்ட் மொழியை ஆழமாக அறிந்திருந்தவர்கள் சில வாரங்களில் சமாளித்துக்கொண்டார்கள். ஆங்குலரின் கட்டளைகளை மட்டும் மனப்பாடம் செய்திருந்தவர்கள் பல மாதம் திண்டாடினார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதை மறைப்பதற்கில்லை. 2006-இல் வந்த ஜேகுவரி, 2013-இல் வந்த ரியாக்ட், 2014-இல் வந்த வியூ ஆகிய கருவிகள் எல்லாமே, 1995-இல் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் முதல் வடிவம் கொடுத்த ஜாவாஸ்கிரிப்ட் என்னும் ஒரே மொழியின்மேல் நிற்பவை. ஜேகுவரி காலாவதியாகிவிட்டது என்று பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். ஆனால் தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளோடு அது இன்றும் சேர்ந்தே வருகிறது.

பாட்காஸ்ட்டுகளைத் தடுக்காதீர்கள். கல்லூரிப் பேருந்தில் போய்வரும் நேரத்தில் கேட்டால், தொழில்நுட்பச் சொற்களை ஆங்கிலத்தில் எப்படிப் பேசுகிறார்கள் என்பது காதுக்குப் பழகும். நேர்காணலில் அது கைகொடுக்கும். ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் யார் பணம் போடுகிறார்கள் என்று அவர் கவனிக்கப் பழக வேண்டும். வெஸ் பாஸ், ஸ்காட் டொலின்ஸ்கி இருவரும் 2017-இல் தொடங்கிய ‘சின்டாக்ஸ்’ மிகப் பயனுள்ள நிகழ்ச்சி. நானே விரும்பிக் கேட்பது. நிரலில் ஏற்படும் பிழைகளைக் கண்காணிக்கும் கருவியை விற்கும் சென்ட்ரி நிறுவனம் 2023-இல் அதை வாங்கியது. இதில் தவறொன்றும் இல்லை. ஆயினும் பிழை கண்காணிப்பைப் பற்றி அங்கே பேச்சு வரும்போது கேட்பவர் அதை நினைவில் வைத்திருப்பது நல்லது. கிறிஸ் கோயரும் டேவ் ரூபர்ட்டும் நடத்தும் ‘ஷாப் டாக் ஷோ’வில் அடிக்கடி ஒலிக்கும் வாசகத்தின் பொருள், ‘வலைத்தளங்களைக் கட்டுங்கள், அவ்வளவுதான்’ என்பது. மணிக்கணக்காக அந்த நிகழ்ச்சியைக் கேட்டும் ஒரு தளத்தையேனும் கட்டாத மாணவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

ஏ.ஐ. பற்றிய அச்சத்தை வெறும் வதந்தி என்று தள்ள மாட்டேன். 2022-இல், நிரல் எழுத உதவும் கிட்ஹப் கோபைலட்டும் சாட்ஜிபிடியும் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பிறகு, புதிதாக வேலைக்குச் சேர்பவரிடம் முன்பு கொடுத்துவந்த எளிய பக்கங்களை இப்போது கருவியே எழுதித் தந்துவிடுகிறது. ஆனால் அது எழுதியதைப் படித்து, எங்கே தவறு, ஏன் தாமதம், எந்த வழியாகத் திருடன் உள்ளே நுழைவான் என்று சொல்ல ஆள் வேண்டும். அதற்கு, பக்கத்தின் அமைப்பை எழுதும் ஹெச்.டி.எம்.எல்., அதன் தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றோடு, பிரவுசரும் பக்கத்தை அனுப்பும் சர்வரும் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மொஸில்லாவின் எம்.டி.என். தளத்தில் இவை அனைத்தும் இலவசமாகவே கிடைக்கின்றன.

தாங்கள் தையற்கடை நடத்துவதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைக்கு ஒரு தளம் கட்டும்படி மகனிடம் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் அளவுகள், துணி வாங்கிய தேதி, கொடுக்க வேண்டிய தேதி, முன்பணம் ஆகியவை தமிழில் பதிவாக வேண்டும். கடையில் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனில் தடங்கலின்றித் திறக்க வேண்டும். ஒருவருடைய அளவை இன்னொருவர் பார்த்துவிடக் கூடாது. ‘Save’ என்று ஆங்கிலத்தில் இருந்தபோது அடங்கிய பொத்தானில் ‘சேமிக்கவும்’ என்று எழுதினால் எழுத்து வெளியே வழியும். அதைச் சரிசெய்யும்போது சி.எஸ்.எஸ். புரியும். இரண்டு கடைப்பெண்கள் ஒரே நேரத்தில் ஒரே ஆர்டரைத் திருத்தினால் யாருடைய திருத்தம் நிற்கும் என்ற கேள்வி எழும். அங்கே, தகவல்களைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ் புரியும். பிளேஸ்மென்ட் நேர்காணலில் நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த நாட்களில், பத்துக் கருவிகளின் பெயர்களை அடுக்கியவரைவிட, இப்படி ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு வெளியே வந்த கதையைச் சொன்னவரிடமே அதிக நேரம் பேசினேன்.

வகுப்புக்கான பணத்தை இப்போது கட்ட வேண்டாம். அந்தத் தளத்தில் மூன்று மாதம் உண்மையான ஆர்டர்கள் பதிவாகட்டும். அதன் பிறகும் ஏ.ஐ. வகுப்பு வேண்டும் என்று கேட்டால், கடையின் எந்த வேலைக்கு அது உதவும் என்று அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளை எனக்கும் அனுப்பினால், குறிப்பிட்ட வகுப்பு அந்தக் கட்டணத்துக்குத் தகுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.