ஜூலையில் மூணாறு வேண்டாம், ஜனவரிக்கு மாற்றுங்கள்

வணக்கம் சகோதரி. முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் ஜூலையில் கேரள மலை ஊரான மூணாறின் தேயிலைத் தோட்டப் பங்களாவில் நான்கு நாள் தங்க முற்பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாதீர்கள். நம் திருகோணமலையை வறுத்தெடுக்கும் அதே கச்சான் காற்றுக் காலத்தில்தான் அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. நான் ஒரு ஜூலையில் போய் அனுபவித்தவன். துவைத்த சாரம் மூன்று நாளாகியும் காயவில்லை. தேயிலைச் செடிகளுக்கிடையில் இறங்கியதும் கணுக்காலில் அட்டை. யன்னலுக்கு வெளியே மலையே தெரியவில்லை, வெள்ளை மூட்டம்தான். அவ்வளவு காசு கொடுப்பது அந்தக் காட்சிக்காகத்தானே!

ஜனவரியில் போங்கள். சுமார் 1,500 மீற்றர் உயரம், இரவில் நன்றாகக் குளிரும். அம்மாவுக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் கட்டாயம். அறை கீழ்த்தளத்திலா, குளியலறைக்குப் படி இறங்க வேண்டுமா, இரவில் கணப்பு மூட்டுவார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள். கொச்சியிலிருந்து நான்கைந்து மணிநேரம் வளைந்து வளைந்து ஏற வேண்டும்; வழியில் அடிமாலியில் வண்டியை நிறுத்தி அம்மாவைச் சற்று நடக்க விடுங்கள். வரையாடு என்ற காட்டு மலையாட்டைப் பார்க்க இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போவதானால் ஜனவரி நடுப்பகுதிக்குள் போய்விடுங்கள். ஜனவரிக் கடைசியிலோ பெப்ரவரித் தொடக்கத்திலோ, குட்டி ஈனும் காலம் என்று வழக்கமாகப் பூங்காவை மூடிவிடுவார்கள்.