ஒரே தொட்டியில் மூன்று அடுக்காகப் பூங்கிழங்குகள் நடலாமா?

துலிப், டாஃபோடில், குரோக்கஸ் ஆகிய மூன்றின் கிழங்குகளையும் ஒரே தொட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக நட்டால், மேலே உள்ளது கீழே உள்ளதை முளைக்கவிடாமல் தடுத்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்காது. லண்டனில் எங்கள் வீட்டு வாசலில் உள்ள தொட்டிகளில் எட்டு ஆண்டுகளாக இப்படித்தான் நட்டு வருகிறேன். ஒருமுறை மே மாத இறுதியில் தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதிர்த்துப் பார்த்தபோது, ஒரு துலிப்பின் வெளுத்த தண்டு நேராக ஏறி வந்து, டாஃபோடில் கிழங்கின் அடியில் முட்டி, அதன் விலாவை ஒட்டி வளைந்து, பிறகு மறுபடியும் நிமிர்ந்து மேலே சென்றிருந்ததைக் கண்டேன். வழியை அதுவே தேடிக்கொள்ளும்.

நடும் வரிசை, பூக்கும் வரிசைக்கு நேர் எதிரானது. பிப்ரவரி கடைசியில் பூக்கத் தொடங்கும் குரோக்கஸ் மேலடுக்கில், மார்ச்சில் பூக்கும் குட்டை டாஃபோடில் நடுவில், ஏப்ரலில் பூக்கும் துலிப் அடியில் இருக்க வேண்டும். கிழங்கை அதன் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் நட வேண்டும் என்ற பொது விதிக்கும் இது பொருந்துகிறது; சிறிய குரோக்கஸுக்கு 6 முதல் 8 செ.மீ., டாஃபோடிலுக்கு 12 முதல் 15 செ.மீ., துலிப்புக்கு 20 செ.மீ. ஆழம் போதும். நெதர்லாந்தின் கியூகென்ஹாஃப் தோட்டத்தில், ஆண்டுதோறும் நடும் சுமார் 70 லட்சம் கிழங்குகளில் பலவற்றை இப்படி அடுக்கித்தான் நடுகிறார்கள்; தோட்டம் திறந்திருக்கும் ஏறத்தாழ எட்டு வாரமும் பாத்திகள் வெறுமையாகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொட்டி 40 செ.மீ. ஆழமும் அதே அளவு அகலமும் உடையதாக இருந்தால் வசதி. கிழங்குகளைக் கூர்நுனி மேல்நோக்கி இருக்குமாறு வைத்து, ஒன்றோடொன்று உரசாமலும் தொட்டிச் சுவரைத் தொடாமலும் ஒரு விரல் இடைவெளி விட்டால் போதும். நிலத்தில் விடுவதைப் போன்ற தாராளமான இடைவெளி இங்கே தேவையில்லை.

நெருக்கத்தைவிட நான் அஞ்சுவது தேங்கும் தண்ணீரைத்தான். மூன்றாம் ஆண்டில், தொட்டியின் அடித்துளைகள் மண்ணால் அடைபட்டிருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். மார்ச்சில் குரோக்கஸ் பூத்தது. ஏப்ரலில் ஒரு துலிப்கூடத் தலைகாட்டவில்லை. தோண்டிப் பார்த்தால், அடியடுக்குக் கிழங்குகள் விரலால் அழுத்தியதுமே கூழாகி, அழுகிய வெங்காய நாற்றம் அடித்தன. அன்றிலிருந்து மண்கலவையில் நான்கில் ஒரு பங்கு பொடி ஜல்லி சேர்த்து, தொட்டியைத் தரையில் படியவிடாமல் செங்கல் துண்டுகளின் மேல் தூக்கி வைக்கிறேன்.

நடுவதற்கு ஏற்ற மாதம் நவம்பர். டாஃபோடிலை முன்பே நடலாம் என்றாலும், மண் குளிர்ந்த பிறகு நட்டால் துலிப்பைத் தாக்கும் பூஞ்சை நோய் குறையும் என்பதால், எல்லாவற்றையும் சேர்த்து அப்போதே நட்டுவிடுகிறேன். குளிர்கிறதே என்று இரக்கப்பட்டுத் தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். 12 வாரங்களுக்குக் குறையாத குளிர் கிடைத்தால்தான் துலிப் ஒழுங்காகத் தண்டு நீட்டிப் பூக்கும். அணில்கள் குரோக்கஸைத் தோண்டித் தின்றுவிடும் என்பதால், முளை வெளிவரும்வரை மேலே கம்பி வலை விரித்து வையுங்கள்.

பூ முடிந்ததும் இலைகளை வெட்டாமல் தாமாக மஞ்சளாகும்வரை விட்டுவிட்டு, டாஃபோடிலையும் குரோக்கஸையும் நிலத்திற்கு மாற்றுங்கள். தொட்டித் துலிப் இரண்டாம் ஆண்டில் பெரும்பாலும் ஏமாற்றிவிடும். நான் ஆண்டுதோறும் புதிதாக வாங்குகிறேன். மீந்த கிழங்குகளை மட்டும் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள்: டாஃபோடில் கிழங்கு பார்வைக்கு வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் அதிலுள்ள லைகோரின் என்னும் நஞ்சு கடும் வாந்தியை உண்டாக்கும்.